வடிவின் வெந்நீர்த் தொட்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாற்றிலிருந்து திரும்பி வரும் வைரவன்மேல் ஒரு வாசனை அடிக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவை அப்போதுதான் கழுவிவிட்ட மாதிரி காட்டமான வாசனை. அவர் மனைவி சண்முகவடிவு அவர் கொண்டுவரும் ஈரத் துண்டை இரண்டு விரலால் தூக்கித் தனியாகப் போடுவாள். வாசனை பிடிக்காமல் இல்லை. அது யார் வீட்டிலிருந்து வருகிறது என்பதுதான் பிடிக்கவில்லை.

"முழங்கால் வலி போன இடம் தெரியல வடிவு. முத்து இன்னிக்குத் தண்ணிய வச்சிருந்தா பாரு, அடியில ஊசி கிடந்தாக்கூட எடுத்துரலாம்" என்பார் வைரவன், சாப்பிட உட்காரும்போதே.

"குழம்பு ஊத்தட்டுமா, ரசமா?" என்பாள் வடிவு.

முத்து என்கிற முத்துலட்சுமி வைரவனின் தம்பி நல்லசிவத்தின் மனைவி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை போட்டவர்கள். ஆரம்பத்தில் அது ஒற்றைக் கதவுக் கடை. வடிவு கல்யாணமாகி வந்தபோது கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் குடித்தனம். கடையாட்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் உலை வைத்தாள். கடை வளர்ந்து மூன்று மாடியானது. முத்துலட்சுமி வந்ததோ அதற்குப் பிறகு. கடையின் பின்கட்டுக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளுடைய அப்பா சொன்னார். அடையாற்றில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கி, நல்லசிவம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதே காற்றை இத்தனை வருஷமாக வடிவு சுவாசித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் யாரும் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கவில்லை.

எழுபதாம் வருஷம் வியாபாரிகளோடு சேர்ந்து ஜப்பானுக்குப் பொருட்காட்சி பார்க்கப் போனான் நல்லசிவம். நாள் முழுக்கக் கடையில் நின்று நின்று இடுப்பு பிடித்துப்போயிருந்தவன், அங்கே கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துவிட்டு வந்தான். வந்தவன் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அடையாற்று வீட்டின் பின்புறம், வேப்பமரத்துக்குத் தள்ளி, கூரை போட்டு ஒரு தொட்டி கட்டினான். நாலு பேர் உட்காரலாம். உள்ளே சுவரிலும் தரையிலும் பதித்த வெள்ளை ஓடு, சுற்றிலும் உட்காரப் படி. பக்கத்தில் விறகு போட்டு எரிக்கும் செப்புக் கொதிகலன். மணல் நிரப்பிய ஒரு பீப்பாய் வழியாகத் தண்ணீரைச் சுற்றிவிட ஒரு சின்ன மோட்டார்.

கட்டிய பிறகுதான் தெரிந்தது, தொட்டி கட்டுவது சுலபம், தண்ணீரைக் காப்பாற்றுவதுதான் பாடு என்று. நிரப்பிய ஒரு வாரத்துக்குள் பச்சை பூத்தது. மாற்றினால் மறுபடி பச்சை. இறங்கியவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. நல்லசிவம் கைவிட்டிருப்பான். முத்துலட்சுமிதான் விடவில்லை. அவள் பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டம் அதுவரை டிரங்குப் பெட்டிக்குள்ளேதான் இருந்தது. பாரிமுனையில் மருந்துச் சாமான் விற்கும் கடைக்குத் தானே போய், தண்ணீரைச் சோதிக்கிற ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வந்தாள்.

அதிலிருந்து அந்தத் தொட்டி அவளுடையது. தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துச் சிவப்புச் சாயத்தைச் சொட்டுவாள். மஞ்சளாக மாறினால் தண்ணீர் புளித்துவிட்டது, சலவைச் சோடா போட வேண்டும். அரக்குச் சிவப்பாக ஏறினால் காரம் மிஞ்சிவிட்டது, துளி ஆசிட் விட வேண்டும். ஆரஞ்சில் நின்றால் சரி. பிளீச்சிங் பவுடரின் வீரியம் சூட்டில் சீக்கிரம் போய்விடும், ஆட்கள் இறங்கி ஏறினால் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு சோதனை. கலங்கினால் படிகாரம். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து இறங்கினார்கள். வெளியே வந்தவர்கள் எல்லோரும் முத்துவைப் புகழ்ந்தார்கள்.

வடிவு ஒரே ஒரு தடவை போனாள். வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்துக்கு மஞ்சள் பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தாள். முழங்கால் அவளுக்கும்தான் வலித்தது. வைரவனைவிட அதிகமாகவே வலித்தது. தொட்டி ஓரத்தில் நின்று பார்த்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாத மாதிரி அடியில் இருந்த ஓடு பளிச்சென்று தெரிந்தது.

"யக்கா, ஒரு தடவை சீயக்காய் போட்டுக் குளிச்சிட்டு இறங்குங்களேன்" என்றாள் முத்துலட்சுமி. "எண்ணெய் பட்டா தண்ணி மேல ஆடை கட்டிரும். மருந்து எடுக்காது."

பின்னால் வைரவனின் அத்தை மகள் நின்றிருந்தாள். அவள் சிரித்தாளா இல்லையா என்று வடிவுக்கு இன்றைக்கும் தெரியாது. சிரித்ததாகத்தான் அவள் மனதில் பதிந்தது.

"எனக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. இன்னொரு நாள் பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். வழி முழுக்க அழுதாள். அழுக்கு என்று சொல்லிவிட்டாளே என்று அழுதாள். வீடு வரும்போது அழுகை நின்று வேறு ஏதோ கெட்டியாகியிருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது. நமக்கும் ஒரு தொட்டி வேண்டும் என்றாள். வைரவன் சிரித்தார். தம்பி வீட்டில் இருக்கிறது, வாரம் ஒரு நாள் போனால் போதாதா என்றார். வடிவு பேச்சை நிறுத்தினாள். கோபித்துக்கொண்டு படுக்கவில்லை, சமையலை விடவில்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னாள். சேலைகள் வந்து இறங்கும் நாளில் எதை முன்னால் அடுக்கலாம் என்று வழக்கம்போல் அவளிடம் கேட்டார் வைரவன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்தத் தடவை எந்தச் சேலையை முன்னால் வைப்பதென்று தெரியாமல் அவர் தடுமாறிப்போனார். அடுத்த மாதம் கொத்தனாரை வரச்சொன்னார்.

கடையை ஒட்டிய வீட்டின் பின்கட்டில் துவைக்கிற கல்லை அகற்றிவிட்டுத் தொட்டி எழும்பியது. வடிவு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். அடையாற்றுத் தொட்டியில் வெள்ளை ஓடு என்றால் இங்கே இளநீலம். அங்கே நாலு பேர் என்றால் இங்கே ஐந்து பேர். கொதிகலனுக்கும் மோட்டாருக்கும் குழாய் இழுத்தவன் பாண்டுரங்கன்; சினிமா ஸ்டூடியோக்களில் குழாய் வேலை பார்த்த கோடம்பாக்கத்து ஆள்.

"அங்க ஷூட்டிங்குக்குக் கொளமே கட்டிக்கீறேம்மா. இது இன்னா பெரிய விசயம்" என்றான்.

தண்ணீருக்கு வீட்டுக் கிணறு இருந்தது. ஆழமான கிணறு, கோடையிலும் வற்றாது. வாளியில் இறைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்சம் ஆணியை நக்கின மாதிரி ருசிக்கும், அவ்வளவுதான். குடிப்பதற்குத்தான் கார்ப்பரேஷன் குழாய் இருக்கிறதே.

மருந்து விஷயம் மட்டும் வடிவுக்குத் தெரியவில்லை. வேறு யாரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தாள். யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடையாற்றுக்குப் போனாள்.

முத்துலட்சுமி தோட்டத்துக் குழாயடியில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வடிவு தொட்டி கட்டுகிற விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள், பொறுமையாக எல்லாம் சொன்னாள்.

"பவுடரை அப்படியே கொட்டிரக் கூடாதுக்கா. வாளியில கரைச்சு வச்சா சுண்ணாம்பு அடியில தங்கிரும். மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்தணும். வெயில்ல ஊத்துனா வீணாப்போயிரும், பொழுது சாஞ்ச பிறகு ஊத்துங்க. மறுநாள் பாத்துட்டு இறங்கணும்."

"சரி."

"அங்க என்ன தண்ணி விடப் போறீங்க? கார்ப்பரேஷனா, கிணறா?"

"கிணறுதான். கண்ணாடியா இருக்கும்."

முத்துலட்சுமி ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. கையிலிருந்த குழாயை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா" என்றாள் பிறகு.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டாள் வடிவு. வடை, பாயசத்தோடு சாப்பாடு. சாயங்காலம் ஊற்ற வேண்டும் என்று முத்து சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லோரும் பார்க்கத் தன் கையால் மருந்து ஊற்ற வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அடையாற்றுக்காரி செய்வதை எத்தனை பேர் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கேயும் பார்க்கட்டும். அதனால் இன்றைக்குப் பார்த்துவிட்டுப் போகட்டும், நாளைக்கு இறங்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து பின்கட்டில் கூட்டம் கூடியது. நீல ஓட்டுக்கு மேல் தண்ணீர் அசையாமல் நின்றது. "அடையாத்தைவிடல்லா அழகா இருக்கு" என்று அத்தை மகள் சொன்னாள். வடிவுக்கு அந்த ஒரு வாக்கியமே போதும் போலிருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். வாளியைத் தூக்கி, தெளிந்த மருந்துத் தண்ணீரைத் தொட்டியைச் சுற்றி நடந்து நடந்து ஊற்றினாள். பாண்டுரங்கன் மோட்டாரைப் போட்டான்.

முதலில் வெளுத்த டீ மாதிரி ஒரு நிறம் பரவியது. வெளிச்சம்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தாள் வடிவு. பிறகு அது கெட்டியானது. பழுப்பாகி, செங்கலைக் கரைத்துவிட்ட மாதிரி ஆகி, நீல ஓடு கண்ணுக்கே தெரியாமல் போனது.

பாண்டுரங்கன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்னை இன்னாமா பாக்குறீங்க? பைப்பு அல்லாம் புச்சு. தண்ணிதான் கலர் மாறிக்கீது."

"துருப்பிடிச்ச பைப்பைப் போட்டுட்டு பேச்சைப் பாரு" என்று வைரவன் அவன்மேல் பாய்ந்தார். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு குழந்தை, "டீ, டீ" என்றது. அதை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள்.

வடிவு தலையை நிமிர்த்தினாள். எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துலட்சுமி மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை. வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் வருத்தம் இருந்தது, பயம் இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை.

இவளுக்குத் தெரியும் என்று வடிவுக்கு அப்போது விளங்கிவிட்டது.

உறவுக்காரர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஆறுதல் சொன்னவர்களையெல்லாம் வடிவு சிரித்த முகமாகவே அனுப்பிவைத்தாள். நல்லசிவம் காரை எடுக்கப் போனபோது, "முத்து இருக்கட்டும், அப்புறமா அனுப்புதேன்" என்றாள். பின்கட்டில் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள்.

"உனக்குத் தெரியும்லா?"

முத்துலட்சுமி மழுப்பவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"எங்க கிணத்துத் தண்ணியும் இதே ஆணி ருசிதான். தண்ணிக்குள்ள இரும்பு கரைஞ்சு கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது. பிளீச்சிங் பட்டதும் துருவா வெளிய வந்துரும். முதல் தடவை நானும் பயந்துபோயிட்டேன். அவுக வெளியூர் போயிருந்தாக, அதனால யாருக்கும் தெரியாது."

"நான் கிணத்துத் தண்ணின்னு சொன்னப்ப ஏன் நீ வாயத் திறக்கல?"

முத்துலட்சுமி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுடைய விரல் நுனிகள் மருந்து பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, வெள்ளையாக வெடித்திருந்தன. வடிவு அதுவரை அதைக் கவனித்ததில்லை.

"சொல்லத்தான் வந்தேன். அப்புறம் சொல்லல" என்றாள். "தெரியாம நடந்துச்சுன்னு சொல்லமாட்டேன். வேணும்னேதான் சொல்லல."

அறைந்துவிடுவோமோ என்று வடிவு முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை நாலு பேர் முன்னால சந்தி சிரிக்க வைக்கணும்னுதான?"

"கூட்டம் கூட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. நீங்களா ஊத்திப் பார்த்துட்டு என்னைக் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். நான் வந்து சரி பண்ணுவேன், பெரியத்தான் பாப்பாகன்னு." வெடித்த விரல்களை மடக்கிக்கொண்டாள். "உங்களுக்குக் கடை இருக்கு. எந்தச் சேலை முதல்ல போகும்னு உங்களைக் கேட்டுட்டுத்தான் அடுக்குதாக. எங்க வீட்லயும் காலையில எழுந்தா மதினி என்ன சொன்னாக, மதினி அந்த மாம்பழ நிறத்தை எடுக்கச் சொன்னாகன்னுதான் பேச்சு. கல்யாணமாகி வந்த புதுசுல நானும் ஒரு தடவை ஒரு சேலையக் காட்டி இது நல்லா போகும்னேன். உனக்கு என்ன தெரியும்னு சிரிச்சாக. எனக்குன்னு அந்தத் தொட்டி ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நீங்க கட்டுதீங்கன்னு கேட்டதும் எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

வடிவு கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் இருந்த இடத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று மெல்ல வந்து உட்கார்ந்தது. அது சந்தோஷம் என்று தெரிந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அடையாற்று வீட்டுக்காரி, பட்டம் வாங்கினவள், காற்று ஒத்துக்கொள்ளாதவள், இந்த வடிவை நினைத்துச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒருத்தரும் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"மாம்பழ நிறத்தை உன் வீட்டுக்காரரு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாக."

"வேற என்ன சொன்னாரு?"

முத்துலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "வேற என்னன்னா... உங்க கண்ணு கடைக்குப் பாதி முதல்னு சொல்லுவாக."

"அப்படியா சொன்னாரு?"

"அடிக்கடி."

வடிவு அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "சரி. இந்தத் தண்ணிய என்ன செய்ய? கொட்டிரவா?" என்றாள்.

"கொட்டுனா மறுபடி நிரப்புறதும் இதே தண்ணிதான. கொட்ட வேண்டாம். இருக்கிற துரு எல்லாம் வெளிய வரட்டும்."

இருட்டுவதற்குள் முத்துலட்சுமி இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்ற வைத்தாள். தண்ணீர் முன்னைவிட மோசமானது. பிறகு சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினார்கள். படிகாரத்தை உரலில் இடித்துக் கரைத்து, மூங்கில் கழியால் தொட்டியை மெதுவாகக் கலக்கினார்கள். வடிவு ஒரு பக்கம், முத்து ஒரு பக்கம். மோட்டாரை நிறுத்தச் சொன்னாள் முத்து. "இனி யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வடிவு தொடவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையில் மேல்தண்ணீர் வெளுத்திருந்தது. சாயங்காலம் ஓட்டின் மேல்வரிசை நீலமாகத் தெரிந்தது. அதற்கும் மறுநாள் முத்துலட்சுமி வந்தபோது, தண்ணீருக்கு அடியில் செம்மண் சேறு மாதிரி துரு படிந்து கிடந்தது. ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, சேற்றை மட்டும் கலங்காமல் வெளியே எடுத்தார்கள். முதல் தடவை உறிஞ்சியபோது வடிவின் வாய்க்குள் துருத் தண்ணீர் போய்விட்டது. துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சினாள். குனிந்து குனிந்து முழங்கால் விண்ணென்று தெறித்தது, சொல்லவில்லை. முடிந்தபோது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு தெளிவு.

கடையிலிருந்து சாப்பிட வந்த வைரவன் அப்படியே நின்றுவிட்டார். விளிம்பில் உட்கார்ந்து கையை அளைந்தார்.

"நான் அப்பவே நினைச்சேன். முத்து கைப்பட்டாத்தான் தண்ணி தெளியும்னு" என்றார்.

வடிவுக்குள் அந்தப் பழைய பொறாமை கத்தி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது.

"நான் ஒண்ணும் செய்யல பெரியத்தான்" என்றாள் முத்துலட்சுமி. "எல்லாம் அக்காதான். எனக்கே இவ்வளவு சுத்தமா வந்ததில்ல."

அப்படியா என்று வைரவன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை வடிவுக்கு வேண்டித்தான் இருந்தது. மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் உள்ளே போன பிறகு இன்னொரு வகையில் உறுத்தியது. விட்டுக்கொடுத்த பெருமையும் இப்போது இவளுக்கே அல்லவா சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் கொதிகலனை மூட்டினார்கள். சூடு ஏறியதும் முத்துலட்சுமி கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து வடிவின் கையில் கொடுத்தாள். "சாயத்தை நீங்க சொட்டுங்க." வடிவு சொட்டினாள். ஆரஞ்சில் நின்றது. படியில் இறங்கிக் கழுத்தளவு உட்கார்ந்தபோது முழங்காலில் இத்தனை வருஷமாக இறுகிக் கிடந்தது ஏதோ அவிழ்கிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்ப்படியில் முத்துலட்சுமி வந்து உட்காருவது தண்ணீர் அசைந்ததில் தெரிந்தது. அடையாற்றில் ஆண்கள், விருந்தாளிகள் என்று எல்லோரும் ஏறிய பிறகு தண்ணீர் ஆறிப்போயிருக்கும், இவ்வளவு சூட்டில் தான் உட்கார்ந்ததே இல்லை என்று அவள் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒரு நாள் கடைக்கு வரட்டுமாக்கா? சும்மா, பாக்கத்தான்" என்று கேட்டாள்.

வா என்று சொல்ல வாயெடுத்தாள் வடிவு. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை.

"பாப்போம்" என்றாள்.

முத்துலட்சுமி திருப்பிக் கேட்கவில்லை. அதன் பிறகு இரண்டு வாரம், தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும்போதெல்லாம் அந்தப் "பாப்போம்" வடிவின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. காஞ்சிபுரத்திலிருந்து புதுச் சரக்கு வந்த அன்று டிரைவரைக் கூப்பிட்டு, அடையாற்று அம்மாவை அழைத்து வரும்படி அனுப்பினாள். அனுப்பிய உடனே ஏன் அனுப்பினோம் என்று இருந்தது.

முத்துலட்சுமி வந்தாள். கடையில் சேலை விரித்துக் காட்டும் மெத்தையில் வடிவின் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி பெண்ணுக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தாள். வடிவு காட்டிய எதிலும் அவள் மனம் நிற்கவில்லை. "எங்காத்துல எல்லாரும் மாநிறம், எது கட்டிண்டாலும் எடுக்க மாட்டேங்கறது" என்று சலித்துக்கொண்டாள். முத்துலட்சுமி கையை நீட்டி, அடுக்கின் அடியிலிருந்து ஒரு நாவல்பழ நிறச் சேலையை உருவி விரித்தாள். யாரும் கேட்காத நிறம். வடிவே ஒதுக்கி வைத்தது.

மாமி அதை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். "இதையே போட்டுடுங்கோ" என்றாள்.

வைரவன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு எடுத்துக் கொடுத்தா?"

வடிவுக்குச் சுருக்கென்றது. நன்றாகவே சுருக்கென்றது. முத்துலட்சுமி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"முத்துதான்" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, அடுத்த கட்டுச் சேலைகளை இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெத்தையில் நகர்ந்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். கொஞ்சம்தான் விட்டாள்.